பொரிவதும் பொரிப்பதும்

1

இந்தக் கதையை எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. அக்கா கேட்டது ஒரு பக்கக் குறிப்பு. வீட்டில் பெட்டிக்குள் முட்டையை அடைவைத்தால் குஞ்சு ஏன் வெளியே வராமல் போகிறது, என்ன செய்தால் வரும் என்று நாலு இடத்தில் படித்து, ஒரு தாளில் எழுதி, அத்தானிடம் கொடுக்க வேண்டும். படித்துவிட்டு நீயே அவரிடம் சொல்லேன் என்றேன். அவள் அவரிடம் பேசுவதில்லையாம். "எழுதறவன்னு சொல்லிக்கிறியே, இதையாவது உருப்படியா எழுது" என்றாள்.

உட்கார்ந்தேன். முதல் வரி வந்தது: "பெட்டிக்குள் வெப்பம் சீராக இருக்க வேண்டும்." இரண்டாவது வரியும் தானாக வந்தது: "மேனேஜர் செத்த நாளிலிருந்து இந்த வீட்டில் எதுவும் சீராக இல்லை." இரண்டாவது வரி குறிப்பில் ஒட்டவில்லை. அதை அடிக்க மனம் வரவில்லை. முதல் வரியை அடித்துவிட்டேன். குறிப்பை வேறு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

2

மேனேஜர் என்பது ஒரு கோழி.

அக்கா தையல்காரி. முன்னறையில்தான் இயந்திரம், மேசை, வெட்டிப் போட்ட துணி எல்லாம். அந்தக் கோழி தினமும் காலையில் உள்ளே வந்து, துணிகளுக்கு நடுவே ஒரு நடை நடந்து, தலையைச் சாய்த்து அக்காவின் வேலையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகும். குறை சொல்லாத ஒரே மேனேஜர் என்பாள் அக்கா.

அத்தான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஒரு மதியம் அரதப் பழசான ஃப்ரிட்ஜ் ஒன்றை வண்டியிலிருந்து இறக்கி உள்ளே கொண்டுபோனவர், வாசல் கேட்டை மூட மறந்துவிட்டார். தெருநாய் நுழைந்தது. கொல்லைப்புறத்தில் அடையில் உட்கார்ந்திருந்த மேனேஜர் முட்டைகளை விட்டு எழுந்து அதன் முகத்தில் பாய்ந்தது. முட்டைகள் தப்பின.

அக்கா அவற்றைத் துணியில் சுற்றி எடுத்தபோது சூடு ஆறவில்லை. அத்தானிடம் அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்: "இதுல ஒண்ணாவது பொரியட்டும். அப்புறம் உங்ககிட்ட பேசறேன்."

(இந்த இடத்தில் உங்களில் சிலர், இவர்களுக்குக் குழந்தை இல்லை போலிருக்கிறது, முட்டை ஒரு குறியீடு என்று பென்சிலைத் தேடுவீர்கள். வேண்டாம். மகள் இருக்கிறாள். வேறு ஊரில் வேலை. போன் செய்து "ரெண்டு பேரும் பேசியாச்சா மாமா?" என்று என்னைத்தான் கேட்கிறாள். முட்டை முட்டைதான்.)

3

இந்தப் பகுதிக்கு முதலில் எழுதிய தொடக்கம்: "ஆயுள் முழுக்கக் குளிரைக் காப்பாற்றிய கைகள் இப்போது வெப்பத்தைக் காப்பாற்றக் கிளம்பி–"

அழகாக இருந்தது. அதனாலேயே நிறுத்திவிட்டேன். அவர் அப்படியெல்லாம் கிளம்பவில்லை. வண்டியிலிருந்து இறக்கிய அதே ஃப்ரிட்ஜைக் குடைந்து, உள்ளே பல்பு மாட்டி, சூடு ஏறினால் தானாக அணையும்படி செய்து, ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தார். கதவுக்குப் புது ரப்பர் போட்டார். அதில்தான் அவருக்குப் பெருமை. "எறும்பு மூச்சு விட்டாக்கூட வெளிய போகாது மாப்ள" என்றார். ஃப்ரிட்ஜ்காரனுக்கு இதைவிடப் பெரிய வார்த்தை கிடையாது. இந்த வாக்கியத்தை நினைவில் வைத்திருங்கள்.

மறுநாள் காலை ஒரு தந்திரம் செய்தார். கடை முட்டை ஒன்றை வாணலியில் உடைத்து ஊற்றி, ஓரம் மொறுமொறுவென்று சிவக்க எடுத்து, தட்டில் வைத்து அக்கா முன்னால் நீட்டினார். "முட்டை பொரிஞ்சாச்சு. பேசு."

அக்கா முழுவதையும் சாப்பிட்டாள். தட்டைக் கழுவினாள். பிறகு எனக்குப் போன் செய்தாள். "உங்க அத்தான்கிட்ட சொல்லு. அவரு பொரிச்சாரு. அது பொரியல. தானா பொரியணும். பொரிச்சதெல்லாம் கணக்குல வராது."

நான் சொன்னேன். தன்வினை, பிறவினை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை இப்படி ஒரு குடும்பம் நடத்திக் காட்டும் என்று எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.*

* அத்தானின் மறுப்பும் உண்டு: "கோழி குஞ்சு பொரிச்சுதுன்னுதானே சொல்றோம்? மேனேஜருக்கு மட்டும் பொரிக்கலாமா?" இலக்கணப்படி அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அக்காவுக்கு இலக்கணம் தேவைப்படவில்லை.

4

ஒரு வாரம் கழித்து டார்ச் வெளிச்சத்தில் முட்டைகளைப் பார்த்தோம். சிலவற்றில் நரம்பு ஓடியது. சில தெளிவாக, ஒன்றுமில்லாமல் இருந்தன. கூமுட்டை. "கூமுட்டை எதுன்னு கேக்கறாரா? கண்ணாடியில பாக்கச் சொல்லு" என்றாள் அக்கா, அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு, என்னைப் பார்த்து.

சொன்னேன். இதுதான் இந்தக் கதையில் என் வேலை. கதைசொல்லிக்கு இவ்வளவு குறைந்த மதிப்பா என்று நீங்கள் வருத்தப்பட்டால் நன்றி.

பிறகு பிழை கண்டுபிடிக்கும் வேலை. முட்டையை அவ்வப்போது திருப்பாவிட்டால் உள்ளே வளர்வது ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்று குறிப்பில் எழுதியிருந்தேன். அத்தான் ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டிருந்தார். எழுந்ததும் வட்டத்தை மேலே கொண்டுவந்துவிட்டு வேலைக்குப் போவார். அவர் போனதும் அக்கா திறந்து பார்ப்பாள். மனுஷன் திருப்பாமல் போயிருப்பார் என்று முடிவுகட்டி, பெருக்கல் குறியை மேலே கொண்டுவருவாள். சாயங்காலமும் இதே கூத்து. இருவரும் தவறாமல் திருப்பினார்கள். முட்டைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

பேசாத வீட்டில் மட்டும் நடக்கக்கூடிய பிழை இது. எந்தக் குறிப்பிலும் இல்லை. இருவரும் தனித்தனியாக என்னிடம், தான் ஒழுங்காகத் திருப்பியதாகப் பெருமை அடித்துக்கொண்ட பிறகுதான் எனக்கே விளங்கியது. அதற்குள் இன்னும் சில போய்விட்டன. காலை அவர், மாலை அவள் என்று ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தேன்.

5

இங்கே ஒரு கால்நடை மருத்துவரை வரவழைத்தேன். அரைப் பக்கம் எழுதினேன். வந்தவர் எல்லாவற்றையும் தெரிந்துவைத்திருந்தார், எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். அவர் மேல் நம்பிக்கை வரவில்லை. வண்டி ஏற்றி அனுப்பிவிட்டேன்.

அவர் இல்லாமல் நடந்தது இது. பொரிய வேண்டிய நாள் வந்தது. ஒன்றும் அசையவில்லை. மறுநாளும் இல்லை. அத்தான் ஒரு முட்டையை உடைத்தார். உள்ளே முழுக் குஞ்சு. அலகு, நகம், ஈரமாய் ஒட்டிய மஞ்சள் முடி, எல்லாம் இருந்தது. உயிர் இல்லை. அடுத்ததும் அப்படியே.

குறிப்பை எடுத்து அவரே வாசித்தார். "வெளிவரும் நாள் நெருங்க நெருங்கக் குஞ்சுக்குக் காற்று அதிகம் தேவை." கதவின் ரப்பரை ஒரு முறை விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்லா வேலை செஞ்சு கொன்னுட்டேன் மாப்ள" என்றார்.

இதை நான் அக்காவிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் கதவோரம் நின்றிருந்தாள். போய் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள்.

மிச்சம் ஒரே முட்டை. மேனேஜர் கடைசியாக இட்டது, மற்றவற்றைவிடப் பிந்தியது. காதருகே வைத்தால் உள்ளே மெல்லிய தட்டல் கேட்டது. அத்தான் துளைபோடும் இயந்திரத்தை எடுத்து ஃப்ரிட்ஜின் மேலும் கீழும் துளை போட்டார். போதும் என்று நான் சொன்ன பிறகும் போட்டார்.

6

காற்று வந்தது. ஈரம் போனது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடுவது ஃப்ரிட்ஜுக்கு மட்டும் உள்ள குணம் என்று அவர் நினைத்திருந்தார்.

ஓட்டில் சின்ன ஓட்டை விழுந்தது. அலகு நுனி தெரிந்தது. கத்தியது. அதற்குமேல் ஒரு நாள் முழுக்க நகரவில்லை. உள்சவ்வு காய்ந்து, பழுப்புக் காகிதம் மாதிரி குஞ்சின் மேல் இறுகிவிட்டது. அது உள்ளிருந்து தள்ளத் தள்ள, சவ்வு விடவில்லை. கத்தலும் குறைந்தது.

என் குறிப்பு சொல்வது: வெதுவெதுப்பான ஈரத்துணியால் சவ்வை நனைத்து, மெல்ல உரித்து உதவலாம். அவசரப்பட்டால் ரத்தக் குழாய் அறுந்து சாகும். தாமதித்தாலும் சாகும்.

"இதுல எதைச் செய்ய?" என்றார் அத்தான். ரெண்டும்தான் எழுதியிருக்கு என்றேன். அவ்வளவு உதவாக்கரைக் குறிப்பை நான் வேறு எழுதியதில்லை.

ஈரத்துணி தயாராக இருந்தது. சின்ன இடுக்கியும் இருந்தது. கண்ணில் படும் எதையும் கழற்றிப் பார்க்காமல் விடாத மனிதர், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"நான் கை வெச்சா பொரிச்சதாயிடும் மாப்ள. பொரிஞ்சதா ஆகாது. அவ கணக்குல வராது."

மெதுவாகத்தான் சொன்னார். முன்னறையில் தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றது. அக்கா வந்தாள். முட்டையைப் பார்த்தாள். தொடைக்கு அடியில் இருந்த கைகளைப் பார்த்தாள்.

"அது சாகுது. என்ன கணக்கு பாத்துட்டு உக்காந்திருக்கீங்க? பொரிச்சு விடுங்க."

அத்தான் என்னைப் பார்த்தார். பழக்கதோஷம். வழக்கம்போல் நான் திருப்பிச் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

"உங்களைத்தான்" என்றாள் அக்கா.

7

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

ஒன்று: குஞ்சு வந்தது. அதற்கு அசிஸ்டென்ட் மேனேஜர் என்று பேர் வைத்தார்கள். (இனிக்கிறது.)

இரண்டு: சவ்வை நனைத்து உரிக்கும்போதே– (எழுதினேன். என்னால் வாசிக்க முடியவில்லை.)

மூன்று: அத்தான் குழம்பிப்போய் வாணலியை எடுக்க எழுந்தார். (மகள் போனில் சேர்த்தது.)

நடந்தது எனக்குத் தெரியும். எழுதியும் வைத்திருந்தேன். அக்கா இயந்திரத்தின் முன் உட்கார்ந்து இந்தப் பக்கங்களை வாசித்தாள். கடைசிப் பத்தி வந்ததும் துணி வெட்டும் கத்திரியை எடுத்து அதை மட்டும் வெட்டிவிட்டாள்.

"குஞ்சு என்னாச்சுன்னு எழுதாத" என்றாள். "பொழைச்சுதுன்னு எழுதினா, அதனாலதான் பேசினேன்னு நெனைப்பாங்க. செத்துச்சுன்னு எழுதினா, பாவம் பாத்துப் பேசினேன்னு நெனைப்பாங்க. நான் பேசினது அதுக்கு முன்னாடி."

ஆகவே பெட்டியை மூடி உங்களிடம் தருகிறேன். திறந்து பார்ப்பது உங்கள் விருப்பம். அடிக்கடி மட்டும் திறக்காதீர்கள், ஈரம் போய்விடும்.