பத்துப் பனியன்

ஜீவந்தரனை எனக்கு அன்றைக்கும் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது. எழுபத்தொன்றில் எங்கள் கல்லூரிக் கால்பந்து அணிக்கு அவன்தான் கேப்டன். நெல்லும் வேர்க்கடலையும் பயிரிடும் சமணக் குடும்பத்துப் பிள்ளை. நான் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரன் மகன். லீக் ஆட்டம் ஆறிலும் பின்வரிசையில் நின்று தடுத்தவன் நான். செமி ஃபைனல் வந்ததும் என்னை உட்கார வைத்துவிட்டு, தன் மாமன் மகன் குந்துநாதனை இறக்கினான்.

"நான் இன்னாப்பா தப்பு பண்ணேன்?" என்றேன்.

"தறிக்குழியில கால வுட்டுக்கினு வளந்தவன் நீ. ஓட்டம் வரலப்பா உனக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் இல்லாமலே ஜெயித்தார்கள். அது இன்னும் வயிற்றெரிச்சல். ஃபைனல் வாலாஜாபாத்தில். எதிரணியும் வெள்ளை, நாங்களும் வெள்ளை. கோல்கீப்பருக்கு மட்டும் பச்சைச் சட்டை இருந்தது. மற்ற பத்துப் பனியனையும் மூட்டை கட்டி ஜீவந்தரன் என்னிடம் நீட்டினான்.

"உங்க வூட்லதான் சாயம் போடுவாங்களே. செவப்பா போட்டுக்கினு வா."

ஆட லாயக்கில்லை, சாயம் போட மட்டும் லாயக்கா? பட்டுக்குப் போட்டு மிஞ்சிய சிவப்பு அண்டாவில் கிடந்தது. "பருத்தியில இது நிக்காதுடா, தண்ணி பட்டா ஒழுகிடும்," என்றார் அப்பா. எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் முக்கினேன். அலசாமலே காயப்போட்டேன். நடு மைதானத்தில் ஒழுகிக்கொண்டு நிற்கட்டும், வாலாஜாபாத்தே கைகொட்டிச் சிரிக்கட்டும்.

ஃபைனல் அன்றைக்கு ஜீவந்தரன் எதிரணிக் கேப்டனிடம் நெஞ்சை நிமிர்த்திக் காட்டினான். "எங்க வேலாயுதம் போட்ட சாயம்பா." எனக்குச் சுருக்கென்றது.

இடைவேளைக்குச் சற்று முன் குந்துநாதனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. ஜீவந்தரன் அவன் பனியனைக் கழற்றி என்மேல் எறிந்தான்.

"எறங்கு. கப்பு போச்சின்னா தொலைச்சிடுவேன்."

அடக் கடவுளே! இதற்காக எத்தனை நாள் ஏங்கினேன்! மாட்டிக்கொண்டேன். இடைவேளையில் வெயில் தாங்காமல் எல்லாரும் பக்கெட் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்கள். என் மேலும் ஒருவன் ஊற்றினான். சாயம் இறங்க ஆரம்பித்தது. தொடை, முழங்கால் எல்லாம் சிவப்பு. பனியனில் துடைத்த கையும் சிவப்பு. கூட்டம் ஊளையிட்டது.

ஊளையிட்டால் இடட்டும். உயிரைக் கொடுத்து ஆடினேன். குழியில் உட்கார்ந்தவன் ஓடுவதை அவன் பார்க்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்று. கடைசி இரண்டு நிமிடம். எதிரணி ஃபார்வர்டு ஒருவன் என்னைத் தாண்டி பெனால்டி பாக்ஸுக்குள் பாய்ந்தான். விட்டால் போச்சு. முதுகுப் பனியனைப் பிடித்து இழுத்தேன். குப்புற விழுந்தான்.

ரெஃப்ரி தூரத்தில் இருந்தார், பார்க்கவில்லை.

"தானா வழுக்கி வுழுந்தான் சார்!" என்று கத்தினேன். அவரும் தலையாட்டினார்.

விழுந்தவன் எழுந்து முதுகைக் காட்டினான். வெள்ளைப் பனியனில் ஐந்து விரலும் சிவப்பாக இருந்தன.

பெனால்டி. கோல். கப்பு போய்விட்டது.

ஜீவந்தரன் வந்து என் கையைப் புரட்டிப் பார்த்தான்.

"ஒழுகும்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் போட்டியா?"

"ஆமாண்டா."

அடிப்பான் என்று பார்த்தேன். அடித்திருந்தால் தேவலை. பனியனைக் கழற்றி என் காலடியில் போட்டான். "அலசிக்கினு வா," என்றான். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து போட்டுவிட்டுப் போனார்கள். மொத்தம் ஒன்பது. பத்தாவது என் உடம்பில் இருந்தது.