பத்துக்குப் பத்து

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதி என்னுடையது. யாரும் கொடுக்கவில்லை, நானாகப் பிடித்துக்கொண்டேன். எட்டு மாதமாக அங்கே ஒரு கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருந்தது. கணினியிலிருந்து பாட்டை வாங்கி, வலுவேற்றி, ஹெட்ஃபோனுக்கு அனுப்புகிற பெட்டி. அதற்குத் துணையாக நாலு கேபிள், ஹெட்ஃபோன் தொங்கவிட ஒரு தாங்கி. மீதிப் பாதியில் நானும் என் மனைவி மார்னியும் இடித்துக்கொண்டு சாப்பிட்டோம். அவளுடைய இரண்டாயிரம் துண்டுப் புதிர்ப்படம் தரைக்குப் போய்விட்டது.

"லேப்டாப்லயே ஹெட்ஃபோன் சொருக ஓட்டை இருக்கே, அது எதுக்காம்?" என்றாள்.

"அதுல வர்றது சத்தம். இதுல வர்றதுதான் இசை."

"அடேங்கப்பா!"

இந்த 'அடேங்கப்பா' கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை, டுலூத் நகரத்து ஹெட்ஃபோன் பைத்தியங்கள் பன்னிரண்டு பேரும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடுவோம். அங்கே என் காதுக்கு ஒரு மரியாதை உண்டு. அந்த மரியாதையை நம்பிச் சவால் விட்டேன். கண்ணைக் கட்டிக்கொண்டு பத்து தடவை கேட்பேன். பெட்டியா, வெறும் லேப்டாப்பா என்று எட்டு தடவையாவது சரியாகச் சொன்னால் மேசை எனக்கு. சொல்லாவிட்டால் புதிர்ப்படத்துக்கு.

எங்கள் கூட்டத்தில் ஒரு விதி உண்டு. எதையும் ஒப்பிடும் முன் ஒலி அளக்கும் மீட்டரை வைத்து இரண்டின் ஒலியையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். துளி சத்தம் கூடினாலும் போதும், காது அதைத்தான் உசத்தி என்று சொல்லும். இதை எழுதிச் சுவரில் ஒட்டியதே நான்தான். மார்னியைக் கூட்டத்துக்கு அழைத்துப் போன அன்றைக்கும் அளந்தேன். என் நண்பன் கர்ட்டின் கனமான ஹெட்ஃபோன் கைக்கெட்டுகிற தூரத்தில் கிடந்தது. அதில் மீட்டரை வைத்துச் சமப்படுத்திவிட்டு, என்னுடையதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மார்னி தன் மஃப்ளரால் என் கண்ணைக் கட்டினாள். நாணயத்தைச் சுண்டிச் சுண்டி, விழுந்தபடி மாற்றி மாற்றிச் சொருகினாள்.

பத்துக்குப் பத்து!

"டேய் லெய்ஃப், அது மனுசக் காதா, நாய்க் காதாடா?" என்று கர்ட் முதுகில் அறைந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். மார்னி ஒரு எலுமிச்சை இனிப்புத் துண்டைக் கடித்துக்கொண்டே, "சரி, தோத்துட்டேன். மேசைய நீயே வச்சுக்கோ" என்றாள். அதில் கொஞ்சமும் கடுப்பு இல்லை. அவள் அப்படித்தான்.

ஏரிக்கரை வழியாக வீட்டுக்குப் பாடிக்கொண்டே காரோட்டினேன். வந்ததும் அவள் தரையில் மண்டியிட்டுப் புதிரை அடுக்கத் தொடங்கினாள். நான் ஹெட்ஃபோனைத் தாங்கியில் தொங்கவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. அளந்தது கர்ட்டுடையதில், கேட்டது என்னுடையதில்! ஒன்றுக்குச் சமப்படுத்திய ஒலி இன்னொன்றுக்குச் சரிவராது. என்னுடையதை மாட்டியதும் பெட்டியின் ஒலி அப்படியே நிற்க, லேப்டாப் ஒலி மட்டும் இறங்கியிருக்கும். பத்து தடவையும் எது சத்தம் அதிகம் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

கர்ட் கவனிக்கவில்லை. மார்னிக்கு இது தெரியவே வழியில்லை. வாயை மூடிக்கொண்டேன், அரைக் கோப்பை காப்பி குடிக்கிற நேரம்.

மார்னி சோபாவுக்கு அடியில் போன புதிர்த் துண்டை எடுத்துவிட்டு, நாற்காலியைப் பிடித்து எழுந்தாள். முழங்கால் 'மளுக்' என்றது. பாடகர் மூச்சு வாங்குவதைக்கூடக் கேட்கிறேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவன் நான். எட்டு மாதமாக இந்தச் சத்தம் என் காதில் விழுந்ததே இல்லை. வெட்கமாகப் போய்விட்டது.

"மார்னி, நான் ஜெயிக்கல" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ இப்பவே திரும்ப வைப்போம். மஃப்ளர் எங்க?"

இந்த முறை என் ஹெட்ஃபோனிலேயே மீட்டரை வைத்து அளந்தேன். பத்துக்கு ஐந்து.

மார்னி விழுந்து விழுந்து சிரித்தாள். "உன்னைக் கேட்டதுக்கு இந்தக் காசையே கேட்டிருக்கலாம்!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கர்ட்டைப் போனில் கூப்பிட்டு, பெட்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவனுடைய கனமான ஹெட்ஃபோன் லேப்டாப்பில் நேரே சொருகினால் முனகத்தான் செய்யும், அதற்கு நிஜமாகவே பெட்டி வேண்டும். "நெசமாத்தான் சொல்றியா?" என்று நாலு முறை கேட்டுவிட்டு, இருபது நிமிடத்தில் வந்து தூக்கிக்கொண்டு போனான்.

மேசை முழுக்கப் புதிர் பரவியது. ஓரத்தில் லேப்டாப்பை வைத்து, அதிலேயே சொருகிக் கேட்டேன்.

"எப்படி இருக்கு? சத்தமா, இசையா?"

"இசைதான் தாயே. போதும், எனக்கு இது தாராளம்."

காப்பி எடுக்க எழுந்தாள். ஒரு பக்கக் காதிலிருந்து ஹெட்ஃபோனைத் தள்ளிவிட்டுக் கேட்டேன். முழங்கால் சத்தம் போடவில்லை.