மூன்று லட்சம் பேர் பார்த்த முகம்

ஐவியின் முகத்தை அவள் அம்மா ஊருக்கெல்லாம் காட்டியது ஏப்ரல் மாதத்தில், ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை முடிய இரண்டு நாள் இருக்கும்போது.

அம்மா பெயர் தங்கமணி. கோயமுத்தூர் சிங்காநல்லூரில் வீடு. ஐந்து வருடமாக ‘தங்கம் மம்மி’ என்ற பெயரில் வீடியோ போட்டுக்கொண்டிருந்தாள். கிராஸ் கட் ரோட்டில் எந்தக் கடை லிப்ஸ்டிக் உதட்டில் நிற்கும், எந்தக் குர்த்தி மூன்றாவது துவைப்பில் சாயம் போகும், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போய் என்ன சாப்பிடலாம் என்பதெல்லாம் அவள் சொல்லித்தான் பல பெண்களுக்குத் தெரியும். ஆரம்பத்தில் மோசமான பொருளை மோசம் என்று மூஞ்சிக்கு நேரே சொல்வாள். அதனால்தான் எண்பதாயிரம் பேர் சேர்ந்தார்கள். அப்புறம் கம்பெனிகள் பெட்டி பெட்டியாக அனுப்ப ஆரம்பித்தன. அதற்குப் பிறகு எதுவுமே மோசமாக இல்லை.

ஏப்ரலில் ஒரு கம்பெனி முகம் கழுவும் திரவம் ஒன்றை அனுப்பி, பரு உள்ள முகமும் பரு போன முகமும் வேண்டும் என்று கேட்டது. ஐவிக்குப் பதினாலு வயது. கன்னம் இரண்டும் சிவந்து, பழுத்து, தொட்டாலே வலிக்கும். காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவளை, “இங்க பாரு கண்ணு” என்று திருப்பி அம்மா படம் பிடித்தாள். டாக்டரிடம் காட்டத்தான் என்று ஐவி நினைத்துக்கொண்டாள். இரண்டு வாரம் கழித்து, விளக்கு வெளிச்சத்தில், முகத்தை மழமழவென்று ஆக்கிக்காட்டும் செயலியைப் போட்டு, இன்னொன்று எடுத்தாள். இரண்டையும் ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்ட வீடியோவை மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள்.

வகுப்பில் அவளுக்கு ‘பிஃபோர்’ என்று பெயர் வைத்தார்கள். பரீட்சை ஹாலில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதுகூடப் பின் பெஞ்சிலிருந்து அந்தப் பெயர் கேட்டது.

வீட்டுக்கு வந்து, “அதை எடுத்துரும்மா” என்று அழுதாள்.

“நீயி இப்ப அழுவ, நாளைக்கு மறந்துருவ. கம்பெனி மூணு மாசம் வெச்சிருக்கச் சொல்லியிருக்குது” என்றாள் தங்கமணி. அவளுக்கு அது நிஜமாகவே பெரிய விஷயமாகத் தெரியவில்லை. எத்தனையோ தாய்மார்கள், ‘எங்க பொண்ணுக்கும் இப்படித்தான், நீங்க காட்டினதுல தைரியம் வந்துச்சு’ என்று எழுதியிருந்தார்கள்.

அன்றிலிருந்து ஐவி அம்மாவுக்கு ‘ம்’ என்பதைத் தவிரப் பதில் சொல்வதில்லை.

மே மாதம் அதே கம்பெனி வெயிலுக்குப் பூசும் கிரீமை அனுப்பியது. பின்னால் பச்சைப்பசேலென்று மலை தெரிய வேண்டுமாம். ஐவியின் அப்பா மரியஅந்தோணிக்குக் கோத்தகிரிக்குக் கீழே ஒரு தனியார் எஸ்டேட்டில் நல்லசாமி என்று ஒரு நண்பர், சூப்பர்வைசர். அவரிடம் சொல்லி எஸ்டேட்டுக்குள் போக ஏற்பாடாயிற்று. மூன்று பேரும் காரில் கிளம்பினார்கள்.

லாட்ஜ் அறையில் காலை ஏழு மணிக்கே சண்டை. தங்கமணி தனக்கும் மகளுக்கும் ஒரே துணியில் மஞ்சள் ஃபிராக் தைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

“நான் போடமாட்டேன்” என்றாள் ஐவி, அப்பாவைப் பார்த்து.

“ஏனுங்க, கேட்டீங்களா? ஆயிரம் கடை ஏறி இறங்கி எடுத்தது. போடமாட்டாளாமா.”

மரியஅந்தோணி ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. “ஒரு நாள்தானே அம்மணி. போட்டுட்டுப் போ. அப்பாவுக்காக.”

அப்பாவுக்காக என்று அவர் கேட்டால் ஐவி செய்வாள் என்று அவருக்குத் தெரியும். மகளின் அந்தப் பாசத்தையே அவர் எப்போதும் செலவழித்துக்கொண்டிருந்தார். ஐவி ஃபிராக்கைப் போட்டாள். தலைமுடியை மட்டும் இரண்டு கன்னத்திலும் இழுத்து விட்டுக்கொண்டாள்.

எஸ்டேட்டில் பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. சரிவில் பன்னிரண்டு பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். தங்கமணிக்கு முதலில் ஏமாற்றம். தலையில் கூடை மாட்டிக்கொண்டு சிரிக்கும் பெண்களை அவள் எதிர்பார்த்திருந்தாள். இவர்கள் இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு, கையில் கத்திரியோடு, முதுகில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை.

“கூடை வெச்சிருந்தா நல்லா இருந்திருக்குமுங்க” என்றாள் நல்லசாமியிடம்.

“அதெல்லாம் இப்ப ஊட்டியில போட்டோ எடுக்கறவங்கதான் வெச்சிருக்காங்க மேடம்.” நல்லசாமி ஓரத்தில் நின்றவளைக் கூப்பிட்டார். “ஏ வீரம்மா, இங்க வா. மேடம் பக்கத்துல அஞ்சு நிமிஷம் நில்லு.”

வீரம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயது. அப்பா அம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். இந்த எஸ்டேட்டின் லைன் வீட்டிலேயே பிறந்து, இங்கேயே முப்பது வருடமாகக் கொழுந்து பறிப்பவள். அன்றைக்குப் பறித்துக் கொடுக்க வேண்டிய எடை இன்னும் பாதிகூட ஆகவில்லை. கத்திரியைக் கீழே வைக்காமலே வந்து நின்றாள்.

மரியஅந்தோணி போனைப் பிடித்தார். தங்கமணி முகத்தில் புன்னகை வந்தது. அந்தப் புன்னகை எப்படி வரும், எப்படிப் போகும் என்று ஐவிக்கு மனப்பாடம்.

“வணக்கம் தங்கங்களா! கோத்தகிரிக்கு வந்திருக்கோம். இந்த அக்காவைப் பாருங்க. வயசு அம்பதுகூட ஆகலை. ஆனா முகம் எப்படிக் கருத்துச் சுருங்கிப் போச்சுன்னு பாருங்க. ஏன்? வெயில். தினமும் வெயில். நம்ம முகமும் இப்படி ஆகணுமா?”

பேசிக்கொண்டே வீரம்மாவின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள்.

வீரம்மா கையைத் தட்டிவிட்டாள். “என்னா, எம் மூஞ்சிய என்னான்னு காட்டுற?”

“உங்களைத் தப்பா ஒண்ணும் சொல்லலீங்க அக்கா. எல்லாருக்கும் ஒரு விழிப்புணர்வுக்கு…”

“கேட்டேன். காது நல்லாத்தான் கேக்குது. கருத்துப்போச்சு, சுருங்கிப்போச்சுன்னு சொன்ன. அத அழி.”

“ஏ வீரம்மா! கெஸ்ட்டுகிட்ட என்ன பேச்சு?” என்று நல்லசாமி அதட்டினார். “போ, போய் வேலையைப் பாரு.”

தங்கமணி பைக்குள்ளிருந்து ஒரு சின்ன கிரீம் ட்யூபை எடுத்து நீட்டினாள். சமாதானமாக இருக்கட்டும் என்றுதான் நீட்டினாள். வீரம்மா அதை வாங்கி, அவள் கண்ணெதிரிலேயே செடிக்குள் வீசிவிட்டு நடந்தாள்.

ஐவி இதையெல்லாம் நாலடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முகவாயைப் பிடித்துத் திருப்பிய அந்தக் கையை அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தன் கன்னமே எரிகிற மாதிரி இருந்தது.

“கொழுப்பு” என்றாள் தங்கமணி, காரில் ஏறும்போது. “ஆனா நல்ல கிளிப்பு. அந்தக் கோவத்தோட சேர்த்து அப்படியே போட்டா நல்லா ஓடும்.”

எஸ்டேட்டுக்குள்ளேயே மேலே பள்ளத்தாக்கு தெரியும் வளைவில் காரை நிறுத்தி, கோத்தகிரி பேக்கரியில் வாங்கிய வர்க்கியையும் ஊட்டிச் சாக்லேட்டையும் பிரித்து, ‘ஃபேமிலி ட்ரீட்’ என்று இன்னொரு வீடியோ எடுத்தாள். ஐவி வர்க்கியைக் கடித்துச் சிரிக்க வேண்டும் என்றாள். ஐவி கடித்தாள். சிரிக்கவில்லை. “பிணத்துக்கு ஊட்டின மாதிரி இருக்குது” என்று தங்கமணி போனை மடியில் போட்டாள். அங்கே சிக்னல் இருந்தது. காலையில் எடுத்ததைக் கம்பெனிப் பெண்ணுக்கு வாட்சப்பில் அனுப்பினாள். பின் சீட்டிலிருந்து ஐவி அதைப் பார்த்தாள்.

வெளியே போக அதே எஸ்டேட் பாதைதான். திரும்பி வரும்போது, எடை போடும் கொட்டகைக்கு எதிரே பாதையின் குறுக்கே பெண்கள் நின்றிருந்தார்கள். பன்னிரண்டு பேர் இல்லை, முப்பது பேருக்கு மேல். கொழுந்துச் சாக்குகளைப் பாதையில் வரிசையாகப் போட்டிருந்தார்கள். நல்லசாமி ஓரமாக நின்று கத்திக்கொண்டிருந்தார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மரியஅந்தோணி ஹாரனை அடித்தார். ஒருத்தி வந்து பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டாள்.

வீரம்மா கண்ணாடியைத் தட்டினாள். “எறங்கு.”

தங்கமணி கண்ணாடியைப் பாதி இறக்கினாள். “இது அநியாயமுங்க. போலீசைக் கூப்புடுவேன்.”

“கூப்புடு. அவங்ககிட்டயும் எம் மூஞ்சியக் காட்டு. அழிச்சிட்டுப் போ.”

பத்து நிமிடம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் மரியஅந்தோணிதான், “அழிச்சுத் தொலை, போலாம்” என்றார். தங்கமணி உதட்டைக் கடித்துக்கொண்டு அழித்தாள். ராக்கம்மா என்கிற இளவயதுப் பெண் போனைக் கேட்டு வாங்கி, அழித்தவை போய்ச் சேரும் இடத்தையும் திறந்து, அங்கிருந்தும் அழித்தாள். “போயிருச்சுக்கா” என்று வீரம்மாவிடம் சொன்னாள்.

பெண்கள் சாக்குகளைத் தூக்கக் குனிந்தார்கள்.

“போகலை” என்றாள் ஐவி.

எல்லோரும் காருக்குள் பார்த்தார்கள். ஐவி கதவைத் திறந்து இறங்கினாள். “கம்பெனிக்கு அனுப்பியாச்சு. வாட்சப்புல இருக்குது. அவங்க இன்னும் பாக்கலை.”

“ஐவி!” என்று தங்கமணி கத்தினாள்.

ராக்கம்மா போனை ஐவியிடமே கொடுத்தாள். இரண்டு டிக்கும் இன்னும் சாம்பல் நிறத்திலேயே இருந்தன. ஐவி அதைக் கம்பெனிப் பெண்ணின் போனிலும் இல்லாமல் போகும்படி அழித்து, வீரம்மாவிடம் காட்டினாள். வீரம்மா தலையை அசைத்தாள்.

ஐவி போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. “என்னோடதும் ஒண்ணு இருக்குது” என்றாள் வீரம்மாவைப் பார்த்து. “என்ற மூஞ்சி. அதையும் எடுக்கச் சொல்லுங்க.”

அவர்கள் தன் பக்கம் நிற்பார்கள் என்று அவள் நம்பினாள். வீரம்மா அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். மஞ்சள் ஃபிராக்கையும், அதே ஃபிராக்கில் காருக்குள் இருந்தவளையும் பார்த்தாள்.

“அது ஒங்க வீட்டுப் பஞ்சாயத்து. காலையில எம் மொகரையப் புடிச்சுத் திருப்பினப்ப நீயுந்தான் பாத்துக்கிட்டு நின்ன. அப்ப வாயத் தொறக்கல” என்றாள். “பாதைய வுடுங்கடி. எடை போடணும்.”

பெண்கள் நகர்ந்தார்கள். ஒருத்திகூட நிற்கவில்லை. தங்கமணி காரிலிருந்து இறங்கி வருவதை ஐவி பார்த்தாள். போனில் ‘தங்கம் மம்மி’ பக்கத்தைத் திறந்தாள். தன் முகம் இருந்த வீடியோவைத் தேடி எடுத்தாள். அம்மா மணிக்கட்டைப் பிடிப்பதற்குள், ‘நிச்சயமாக அழிக்கவா?’ என்று போன் கேட்டதற்கு ஆமாம் என்று அழுத்தினாள்.

அறை பளாரென்று விழுந்தது. பருக்கள் இருந்த கன்னத்திலேயே விழுந்தது.

“மூணு லட்சம் பேருடி! மூணு லட்சம் பேரு பாத்தது!”

“அதனாலதான் அழிச்சேன்.”

தங்கமணி மறுபடி கையை ஓங்கினாள். மரியஅந்தோணி ஓடி வந்து நடுவில் நின்றார். யாரைத் தடுக்கிறார் என்று தெரியாமல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். கொட்டகையில் எடை போடும் சத்தம் நிற்கவில்லை.

மேட்டுப்பாளையம் இறங்கும் வரை ஐவி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கம்பெனி இரண்டு வேலைகளையும் திரும்ப வாங்கிக்கொண்டது. தங்கமணி சொந்தக்காரர்களிடம் எல்லாம் போன் போட்டு, தன் பிழைப்பைப் பெத்த மகளே கெடுத்தாள் என்று சொன்னாள். நல்லசாமி வீரம்மாவைத் தூரத்துச் சரிவுக்கு மாற்றப் பார்த்தார். மறுநாள் காலை யாரும் கத்திரியைத் தொடவில்லை. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு அவர் பேசாமல் இருந்துவிட்டார். இதை அவரே மரியஅந்தோணியிடம் போனில் புலம்பினார். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் ஐவி அதை அறைக்குள்ளிருந்து கேட்டாள். சந்தோஷப்பட வேண்டும் போல இருந்தது. ஆனால் வீரம்மா பார்த்த பார்வைதான் ஞாபகம் வந்தது.

பள்ளிக்கூடம் திறந்த பிறகும் ‘பிஃபோர்’ என்ற பெயர் போகவில்லை. வீடியோ இல்லாவிட்டாலும் பெயர் இருந்தது. ஒருநாள் அப்படிக் கூப்பிட்டவனின் டிபன் பாக்ஸைத் தூக்கி ஜன்னல் வழியே எறிந்தாள். அதற்குப் பிறகு மெதுவாகத்தான் கூப்பிட்டார்கள்.

ஆடித் தள்ளுபடியில் யூனிபார்ம் துணி எடுக்க அம்மாவும் மகளும் கிராஸ் கட் ரோட்டுக்குப் போக வேண்டி வந்தது. கடை வாசலில் ஒரு பெண், கையில் குழந்தையோடு, ஆசையாக ஓடி வந்தாள்.

“தங்கம் மம்மிதானுங்களே! உங்க வீடியோ எல்லாம் பாப்பனுங்க. பாப்பாவை இப்பெல்லாம் வீடியோவுல காணமே?”

தங்கமணி புன்னகைத்தாள். ஐவி அவள் வாயையே பார்த்தாள். படிக்கிறாள், டியூஷன், உடம்புக்கு முடியவில்லை என்று ஏதாவது பொய் வரும் என்று காத்திருந்தாள்.

“அவளுக்கு நம்மளப் புடிக்காதுங்க” என்றாள் தங்கமணி. யாரோ பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

அந்தப் பெண் சிரித்து மழுப்பினாள். தங்கமணி கடைக்குள் போய்விட்டாள். ஐவி வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். அம்மா சொன்னது பொய் இல்லை. பிறகு அவளும் உள்ளே போனாள்.