வேனின் முதல் படி

என் மாமியாரின் இரண்டு சிறுநீரகங்களும் வேலைநிறுத்தம் செய்து வருஷம் ஒன்றாகிறது. கௌரவம் மட்டும் ஓவர்டைம் பார்க்கிறது. அத்தை தொலைபேசி நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரையே அதட்டிப் பழகிய அந்த வாய், தனக்கென்று ஒரு உதவி கேட்க மட்டும் திறக்காது. ஃபேன் போட வேண்டுமென்றால், "இந்த ஃபேனுக்கு என்ன கேடு?" என்று ஃபேனை விசாரிப்பார். நான்தான் புரிந்துகொண்டு எழுந்துபோக வேண்டும். புரியாத மாதிரி இருந்தும் பார்த்திருக்கிறேன். வியர்வையில் நனைந்தபடி ஃபேனையே முறைத்துக்கொண்டிருந்தாரே தவிர, என்னைக் கூப்பிடவில்லை.

ஒன்றுவிட்டு ஒருநாள் டயாலிசிஸ். சுகாதார அலுவலகத்தின் இலவச வேன் வீட்டு வாசலுக்கே வரும். என் கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பதால், வீட்டில் தையல் மிஷினும் நாங்கள் இருவரும்தான். வேனில் துணைக்குப் போவதும் நானே. இலவசமாக வருவதைக் குறை சொல்லக் கூடாது என்று மற்றவர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. எனக்கு அது கிடையாது. அந்த வேனின் முதல் படி என் முழங்காலுக்கும் மேலே இருந்தது. யார் காலை அளந்து அதைச் செய்தார்களோ! தையல்காரியாகச் சொல்கிறேன், அளவு தப்பு.

அத்தையால் அதில் ஏற முடியாது. ஆனால் ஏறுவார். எப்படியென்றால், அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்குவதாகப் பாவனை செய்வார். நான் பின்னால் குனிந்து, புடவை மடிப்பைச் சரிசெய்கிறவள்போல் என் தோளை அவர் இடுப்புக்குக் கொடுத்து மேலே நெம்புவேன். டிரைவர் அண்ணன் உள்ளேயிருந்து கை கொடுத்து இழுப்பார். மேலே போனதும் அத்தை திரும்பிப் பார்த்து, "சும்மா சும்மா புடவையை இழுக்காதே" என்பார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். முதுகுவலி அதற்கும் முன்னால் வந்துவிடும்.

போன மாதம் ஒருநாள் என் முதுகு ஒத்துழைக்கவில்லை. இரண்டு முறை நெம்பியும் அத்தை மேலே போகவில்லை. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அத்தை கம்பியை விட்டுவிட்டு, தனக்கு இன்று தலைவலி என்றும், வேன் போகலாம் என்றும் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். மறுநாள் கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஆம்புலன்ஸில்தான் போனோம். இன்னொரு முறை இப்படித் தவறினால் நுரையீரலில் நீர் கோத்து ஆளே போய்விடக்கூடும் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அன்றிலிருந்து வேன் வருமுன்பே முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு தயாராக நிற்பேன்.

இந்த நேரத்தில்தான் டிரைவர் அண்ணன் ஒரு சேதி கொண்டுவந்தார். அலுவலகம் லிஃப்ட் வைத்த புது வேன் ஒன்று வாங்கியிருக்கிறதாம். படியே ஏற வேண்டாம். பலகையில் நின்றால் அதுவே தூக்கி உள்ளே விடும். உதவிக்கு ஒரு ஆளும் உண்டு. ஆனால் இருப்பது ஒரே ஒரு வேன், கேட்பது இரண்டு ரூட். எந்த ரூட்டில் ஆட்கள் அதிகம் கஷ்டப்படுகிறார்கள் என்று பார்க்க ஒரு அதிகாரி எங்களோடு வந்து உட்கார்ந்து பயணம் செய்யப் போகிறாராம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வேனில் எழுந்து நின்று எல்லாருக்கும் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னேன். நாளை மறுநாள் யாரும் நடிக்கக் கூடாது. முடியாதவர்கள் முடியாதபடியே வர வேண்டும். அத்தையோடு டயாலிசிஸுக்கு வரும் கணக்கு வாத்தியார் ஆமாம் என்றார். வாய் ஓயாமல் பேசுவதால் நாங்கள் ரேடியோ என்று கூப்பிடும் சலூன்காரர், முனகிக்கொண்டே ஏறுவதாக வாக்குக் கொடுத்து, அப்போதே ஒருமுறை முனகியும் காட்டினார். அத்தை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

அந்தக் காலை விடிந்தது. அத்தை கல்யாண வீட்டுக்குப் போகிற புடவையில் நின்றார். முகத்தில் பவுடர். டயாலிசிஸ் ஊசி போடும் இடது கைக்காக நான் கொக்கி வைத்துத் தைத்துக் கொடுத்த ரவிக்கைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, கையில் புடைத்திருக்கும் நரம்பு தெரியாமல் இருக்கப் பழைய இறுக்கமான ரவிக்கை ஒன்றைப் போட்டிருந்தார். என்ன இது என்று கேட்டேன்.

"ஆபீஸ்லேர்ந்து ஒருத்தங்க வர்றாங்க. அழுது வடிஞ்சுகிட்டா நிப்பாங்க?" என்றார்.

வேன் வந்தது. டிரைவர் அண்ணன் அதைக் கழுவித் துடைத்து, கிழிந்த சீட்டுக்குப் புதுத் துண்டு விரித்து வைத்திருந்தார். தன் வேனை யாரும் ஓட்டை என்று சொல்லிவிடக் கூடாதாம். வாத்தியார் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ரேடியோ தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு பத்து வயது குறைந்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தபோதுதான் நானும் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டியிருப்பது ஞாபகத்துக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அதிகாரி ஒரு பெண். இனிய முகம், கையில் டேப்லெட். அவர் பார்த்துக்கொண்டிருக்க, அத்தை கம்பியைப் பிடித்தார். நான் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஏறாமல் நின்றால் அந்த அம்மாளுக்குத் தானாகப் புரியும். ஆனால் ஏறாமல் வீட்டுக்குள் போய்விட்டால்? பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து தோளைக் கொடுத்தேன். முதுகில் ஏதோ சுளீர் என்றது. அத்தை மகாராணிபோல் மேலே போய், "வாங்க மேடம், ஜன்னலோரம் உக்காருங்க" என்று அதிகாரியை உபசரித்தார். வழியெல்லாம் ரேடியோ நகைச்சுவை நிகழ்ச்சி நடத்தினார். முனகல் ஒன்றுகூட ஒலிபரப்பாகவில்லை.

வார்டில் நர்ஸ் அத்தையின் இடது கையைப் பார்த்துவிட்டுத் திட்டித் தீர்த்தாள். இந்தக் கையை இறுக்கவே கூடாது என்று எத்தனை முறை சொல்வது? ரவிக்கையின் கை முழங்கைக்கு மேலே ஏறவில்லை. கத்தரிக்கோலை எடுத்து அதை நீளமாக வெட்டித் துண்டாகத் தரையில் போட்டாள். அத்தை கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். பக்கத்துக் கட்டிலில் வாத்தியார், அதற்கடுத்து ரேடியோ. மூவருக்கும் ஊசி ஏறி, மெஷின்கள் ஓடத் தொடங்கின.

அப்போது அதிகாரி விடைபெற வந்தார். எல்லாரும் இவ்வளவு தெம்பாக இருப்பதைப் பார்க்கத் தனக்கு ரொம்ப சந்தோஷம் என்றார். லிஃப்ட் வேனை அடுத்த ரூட்டுக்கே கொடுக்கலாம் என்று எழுதப்போவதாகவும் சொன்னார். எனக்கு உயிரே போய்விட்டது. உண்மையைச் சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் வார்டே கேட்க, 'இவரால் ஏற முடியாது, நான்தான் தூக்குகிறேன்' என்று நான் போட்டு உடைத்தால், அத்தை இனி அந்த வேன் பக்கமே வர மாட்டார். என்ன செய்வதென்று தெரியாமல், தரையில் கிடந்த ரவிக்கைத் துண்டை எடுக்கக் குனிந்தேன்.

குனிந்தவள் குனிந்தபடியே நின்றேன். முதுகு பிடித்துக்கொண்டுவிட்டது. நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் இருக்க உதட்டைக் கடித்தேன்.

"மேடம், ஒரு நிமிஷம் நில்லுங்க" என்றார் அத்தை. தொலைபேசி நிலையத்துக் குரல். வார்டே திரும்பியது. "எழுதறதுக்கு முன்னாடி இவளைப் பாருங்க. காலையில நான் ஏறலை. இவதான் தோள்ல தாங்கி என்னை ஏத்தினா. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். எனக்கு ஒண்ணும் இல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன். என் மருமகளுக்குத்தான் முடியல. அந்த லிஃப்ட் வேன் அவளுக்கு வேணும்."

அதிகாரி ஓடிவந்து என்னைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். தனக்கும் ஒன்றுமில்லை என்றும், ஆனால் ரேடியோவுக்குக் கண் பாதிதான் தெரியும், படியைத் தடவித் தடவித்தான் ஏறுகிறார் என்றும் தெரிவித்தார். ரேடியோ விடுவாரா? வாத்தியார் வேனில் ஏறியதும் வெகுநேரம் பேச மாட்டார், மனக்கணக்குப் போடுகிறேன் என்று சொல்வாராம். கணக்குமில்லை ஒன்றுமில்லை, மூச்சுதான் வருவதில்லையாம். ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது என்பதால் இருவரும் கழுத்தை மட்டும் திருப்பிக்கொண்டு சண்டை போட்டார்கள். வாசலில் நின்றிருந்த டிரைவர் அண்ணன், இத்தனை பேரையும் இழுத்து இழுத்துத் தன் தோள்பட்டை கழன்ற கதையை யாருமே கேட்கவில்லையே என்று வருத்தப்பட்டார்.

அதிகாரி ஃபோனை எடுத்துத் தன் காரை வர வேண்டாம் என்றார். திரும்பும்போதும் எங்களோடுதான் வந்தார். டயாலிசிஸ் முடிந்த உடம்பு பிழிந்து போட்ட துணி. பவுடரும் சாயமும் அதன்முன் எம்மாத்திரம்? இந்த முறை அத்தையின் இடுப்புக்குத் தோள் கொடுத்தவர் அந்த அம்மாள்தான். உட்காரும்போது அதிகாரியின் கொண்டை அவிழ்ந்து, மூச்சு இரைத்தது. வழியெல்லாம் யாரும் பேசவில்லை, ரேடியோகூட.

புது வேன் எங்கள் ரூட்டுக்கே வந்தது. முதல் நாள் வாசலில் நின்று, பின்கதவைத் திறந்து, பலகையைத் தரையோடு தரையாக இறக்கினார்கள். உதவியாளர் அத்தையிடம் கை நீட்டினார். அத்தை நகரவில்லை.

"முதல்ல இவளை ஏத்துங்க. இவளுக்காகக் கேட்டு வாங்கினது."

தெரு முழுக்க வேடிக்கை பார்க்கிறது. எனக்கு ஒரே வெட்கம். நோயாளி அவர்தானே, இது என்ன கூத்து என்று பல்லுக்கிடையில் சொன்னேன். அத்தை என் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

"ஏறுடி. இத்தனை நாளா என்னைத் தூக்கினே. உன்னை யாராவது ஒருதரம் தூக்கட்டும்."

ஏறி நின்றேன். பலகை மெதுவாக மேலே போனது. அழக் கூடாது என்று எவ்வளவோ பார்த்தேன், நடக்கவில்லை. உதவியாளர் பதறிப்போய், எங்கேயாவது வலிக்கிறதா என்று கேட்டார்.

"முதுகு" என்று கீழேயிருந்து அத்தை எனக்காகப் பதில் சொன்னார்.