கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல்

"கடையில ரெடிமேடா ஒண்ணு வாங்கிக்கோயேன்" என்று என் கணவர் சொன்னபோது நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கே என்னை ஒரு அறை விடலாம்போல் இருக்கிறது.

என் தொழில் வீட்டு வரைபடம் போடுவது. வரைந்த வீட்டை நிஜப் புகைப்படம் மாதிரி மாற்றிக் காட்டவும் வேண்டும். அதற்கு ரெண்டர் என்று பெயர். பழைய கம்ப்யூட்டருக்கு அதிலேயே மூச்சு வாங்கியது. அதனால் பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நானே பூட்டப்போவதாக அறிவித்தேன்.

"ஊருக்கே வீடு வரையறேன், ஒரு டப்பா பூட்டத் தெரியாதா?"

கணவர் கால்நடை மருத்துவர். வாயில்லாத ஜீவன்களோடு பழகிப் பழகி அவருக்கும் பேச்சு குறைந்துபோயிருந்தது. "சரி" என்றார்.

சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பூட்டினேன். கொஞ்சம் ஸ்க்ரூ மிஞ்சியது. கம்பெனிக்காரர்களுக்குத் தாராள மனசு என்று எடுத்து வைத்தேன். பொத்தானை அழுத்தியதும் மின்விசிறிகள் சுழல, உயிர் வந்தது. உடனே போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "அண்ணி, கலக்கிட்டீங்க!" என்று நாத்தனார் எழுதினாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் பேக்கரிக்காரர் ஒருவருடைய புது வீட்டை ரெண்டருக்குப் போட்டேன். கூரை வரும் நேரத்தில் திரை நீலமாகி, ஏதோ வருத்தம் தெரிவித்துவிட்டு அணைந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் கூரை, மறுபடியும் வருத்தம்.

முதலில் மின்சாரத்தைத் திட்டி, ப்ளக்கை வேறு அறைக்கு மாற்றினேன். பிறகு விண்டோஸைத் துடைத்துப் புதிதாக ஏற்றினேன். கூடவே என் பாதிக் கோப்புகளும் துடைபட்டன. பேக்கரிக்காரரின் வீடு மட்டும் பென்டிரைவில் பிழைத்துக்கிடந்தது. அடுத்து, இணையத்தில் எவரோ சொன்னார் என்று செட்டிங்கிற்குள் போய் ராம் என்கிற நினைவகத்தின் வேகத்தைக் கூட்டினேன். குறைப்பதைவிடக் கூட்டுவது முன்னேற்றமாகத் தோன்றியது, அவ்வளவுதான்.

கணவர் கிளினிக்கிலிருந்து வந்து, கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"எப்போ விழுது?"

"ரெண்டர் போட்டா."

"சும்மா இருந்தா?"

"நல்லாத்தான் இருக்கு."

"வேலை கொடுத்தா விழுது. காய்ச்சல் பார்த்தியா?"

"ஏங்க, இது என்ன உங்க மாடா?"

"மாட்டுக்கும் முதல்ல அதைத்தான் பார்ப்போம்."

அவர் சொன்னது தப்பு என்று காட்டவே, சூடு காட்டும் மென்பொருள் ஒன்றைப் போட்டு ரெண்டரை ஓடவிட்டேன். எண் கிடுகிடுவென ஏறி நூறை நெருங்கியது. திரை நீலமானது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பெட்டியைத் திறந்து, ப்ராசஸர் மேல் உட்கார்ந்திருந்த கூலரைக் கழற்றினேன். ப்ராசஸரைத் தொட்டுச் சூட்டை இழுக்க வேண்டிய அதன் அடிப்பக்கத்தில் கண்ணாடிபோல ஒரு பிளாஸ்டிக் தாள். "பொருத்தும் முன் உரித்துவிடவும்" என்று அதில் சிவப்புக் கொட்டை எழுத்து வேறு. ஒரு சுருக்கம்கூட விழாமல் அதைக் காப்பாற்றி உள்ளே வைத்திருந்தேன்.

உரித்தேன், சூடு கடத்தும் பேஸ்டைப் புதிதாகத் தடவினேன், பூட்டினேன். "சின்ன வெப்பப் பிரச்னை, சரி பண்ணிட்டேன்" என்று குழுவில் போட்டேன். பிளாஸ்டிக் தாளைப் பற்றி மூச்சு விடவில்லை.

இந்தத் தடவை ரெண்டர் கூரையைத் தாண்டியது. காம்பவுண்டுச் சுவருக்கு வந்து நீலமானது. கணவரைக் கூப்பிட்டேன்.

"காய்ச்சல் இறங்கிடுச்சுங்க. அப்புறமும் ஏன் விழுது?"

"நடுவுல என்ன மருந்து கொடுத்தே?"

"ஒண்ணும் கொடுக்கலையே. ராம் வேகத்தை மட்டும் கொஞ்சம்..."

சொல்லும்போதே நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

"அதை நிறுத்திடு" என்றார். "எங்க தொழில்லயும் இது உண்டு. வியாதி போயிடும், நாம பண்ணின வைத்தியம் போகாது."

எல்லா செட்டிங்கையும் பழையபடி ஆக்கி, ரெண்டரைத் தொடங்கினேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கன்று ஈனப்போகும் பசுவின் பக்கத்தில் உட்காருவதுபோல என் பக்கத்தில் உட்கார்ந்தார். கூரை வந்தது. காம்பவுண்டுச் சுவர் வந்தது. பால்கனியில் மாலை வெயில் விழுந்தது. படம் முழுசாக வந்து நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கணவர் முன்னால் குனிந்து பார்த்தார்.

"வீடு அழகா இருக்கு. ஆனா பேக்கரிக்காரர் உள்ளே எப்படிப் போவாரு?"

பார்த்தேன். வாசலும் இல்லை, கதவும் இல்லை. ஜன்னல், கம்பி, பூந்தொட்டி எல்லாம் இருந்தன. மிதியடிகூட இருந்தது, வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு.

"சிரிக்காதீங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சிரித்தார். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நான் கதவை வரைந்துவிட்டு மறுபடி ரெண்டருக்குப் போட்டேன்.