சாத்திவிட்டு வந்த அறை

கொழுந்தன் கைப்பேசி இல்லாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன். பழைய கப்பல் வியாபாரி ஒருவரின் மாளிகையைக் காட்சிக்குத் திறந்திருந்தார்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது என்று வாசலிலேயே எல்லாருடைய கைப்பேசியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவனுக்கோ மூன்று மணிக்குமேல் துறைமுகத்திலிருந்து அழைப்பு வர வேண்டும். தூரத்து ஊரில் கிரேன் ஓட்டும் வேலை. எடுக்காவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்களாம்.

"மூணுக்குள்ள வெளிய வந்துடலாம்டா. குடும்பமா ஒரு இடம் போய் எவ்ளோ நாளாச்சு" என்று இழுத்து வந்தவர் மாமனார். மகன் போவது அவருக்குப் பிடிக்கவில்லை என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவர் மட்டும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

உள்ளே சுவருக்குச் சுவர் கடிகாரம், ஒன்றுகூட ஓடவில்லை. "அண்ணி, இப்ப மணி என்ன இருக்கும்?" என்று கொழுந்தன் என்னை அரித்தெடுத்தான். மாமியார் ஒவ்வொரு கட்டிலையும் நின்று நிதானமாகப் பார்த்தார். அவன் கைவிரல்களை நெரித்துக்கொண்டே நடந்தான்.

மாடியின் கடைசி அறைக்கு ஒரே கதவுதான். வாசல் தெரிகிறதா என்று அவன் ஜன்னல் திரைக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்திருக்கிறான். நாங்கள் கவனிக்கவில்லை. மாமனார் முப்பது வருடம் கிடங்குக் காவலாளியாக இருந்தவர். எந்த அறையைவிட்டு வந்தாலும் கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போகும். கடைசியாக வெளியே வந்தவரும் அவர்தான்.

பாதிப் படி இறங்கியபோது மேலே தடதடவென்று கதவு அதிர்ந்தது. திரும்ப ஓடினோம். சாத்தும்போது வழுக்கிக்கொண்டு போன தாழ்ப்பாள், திறக்கும்போது அசைய மறுத்தது. என் கணவர் ஆள் கூப்பிட ஓடினார்.

"என்னையே ஒருதடவ குளியலறையில வச்சுப் பூட்டிட்டு வேலைக்குப் போனவராச்சே" என்றார் மாமியார். யாரும் சிரிக்கவில்லை.

"வேணும்னுதானப்பா செஞ்சீங்க?" உள்ளிருந்து கொழுந்தன் கத்தினான்.

"பழக்கதோஷம்டா."

"பொய். நான் போறது உங்களுக்குப் பிடிக்கல."

மாமனார் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார். "பிடிக்கலதான். அதுக்காகப் பெத்த புள்ளையப் பூட்டி வைப்பனா?"

உள்ளே அவன் கதவைவிட்டு விலகும் காலடி கேட்டது.

மாளிகை ஊழியர் எண்ணெயோடு வந்து, தட்டித் தட்டித் திறந்தார். கொழுந்தன் யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கி ஓடினான். நாங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது, திரும்ப வாங்கிய கைப்பேசியில் தவறிய அழைப்பு இரண்டு இருப்பதைக் காட்டினான். திருப்பி அழைத்தான், எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. சட்டைப்பைக்குள் போட்டுவிட்டான்.

"இன்னொருதடவ அடி" என்றார் மாமனார்.

"விடுங்கப்பா."

"அடிடா!"

இந்தமுறை எடுத்தார்கள். அவன் "சரிங்க, சரிங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். பேசி முடித்ததும் அம்மாவைப் பார்த்து, "திங்கக்கெழமை வரச் சொல்லிட்டாங்க" என்றான்.

மாமியார் அவன் தோளைத் தடவினார். மாமனார் செருப்பு மாட்டுவதுபோல் குனிந்து, வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"பஸ்ல எத்தன மணி நேரம்டா ஆகும்?" என்று கேட்டார் கடைசியில்.