சாமிக்குப் போட்ட கண்ணாடி

போன தை மாசம் வரைக்கும் எங்க கம்பெனி சாமி பலகைல முருகர் இருந்தாரு, லட்சுமி இருந்தாங்க, சரஸ்வதி இருந்தாங்க, அவங்க பக்கத்துல ஒரு கண்ணாடியும் ஒரு இரும்பு மூடியும் இருந்துச்சு. கண்ணாடின்னா மூஞ்சி பாக்கற கண்ணாடி இல்ல. தகடு அறுக்கறப்ப பொறி கண்ணுல தெறிக்காம மாட்டிக்கற கண்ணாடி. மூடின்னா கிரைண்டர்ல சுத்தற சக்கரத்த ஆளு பக்கமா மறைக்கற மூடி. கார்டுன்னு சொல்லுவாங்க. ரெண்டுக்கும் சந்தனம், குங்குமம், செவ்வாவெள்ளி சாம்பிராணி எல்லாம் உண்டு. போட்டுக்கினு வேலை செய்யற பழக்கம் மட்டும் கெடயாது.

நான் ஜோதிலட்சுமி. காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல கரெண்டு பேனல் பாக்ஸு செய்யற கம்பெனில பத்து வருஷமா தகடு அறுக்கறேன். ரெண்டு எம்எம் தகட்டுல மீட்டருக்கு, சுவிட்சுக்கு எல்லாம் சதுரமா ஓட்டை போடணும், கை கிரைண்டர்ல. பொம்பள கிரைண்டர் புடிக்கிறாளான்னு வாயப் பொளக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கறேன். மாவு அரைக்கற கிரைண்டர் மட்டுந்தான் எங்களுக்குன்னு யாரும் பட்டா எழுதித் தரல.

அந்தக் கண்ணாடியும் மூடியும் சாமிகிட்ட போன கதை இது. தேர்வாய் கண்டிகைல ஒரு பெரிய கம்பெனி கீது. எங்க பாக்ஸுல முக்காவாசி அவங்கதான் வாங்கறாங்க. எங்க ஆளுங்க வெறும் மிஷின்ல அறுக்கறத யாரோ போட்டோல பாத்துட்டு, 'மொதல்ல இத போட்டுக்கினு வேலை செய்யுங்க'ன்னு ஒரு பெட்டி அனுப்புனாங்க. பெட்டி வந்த ரெண்டாம் நாளு ஆயுத பூஜை. எங்க மொதலாளி சந்திரமோகனுக்குப் புதுசா எது வந்தாலும் சாமிகிட்ட வெக்கணும். வெச்சாரு. பொரி கடலை குடுத்தாரு, பூசணிக்காய் ஒடச்சாரு. மறுநாள் வேலைக்கு வந்து கண்ணாடிய எடுக்கக் கைய நீட்டினேன்.

"ஐயையோ ஜோதிம்மா! சாமிக்கு வெச்சத எடுக்கறியே!"

"சாமி இன்னா தகடா அறுக்குது மொதலாளி?"

"வாயக் கழுவு மொதல்ல" ன்னாரு.

பக்தியெல்லாம் ஒரு மண்ணும் இல்ல. விஷயமே வேற. எங்க மிஷின் நாலு இஞ்ச் சக்கரத்துக்குச் செஞ்சது. மொதலாளி வாங்கறது அஞ்சு இஞ்ச். பெருசா இருந்தா சீக்கிரம் தேயாதாம். மூடி போட்டா அஞ்சு இஞ்ச் உள்ள போவாது, அதனால மூடி சாமிகிட்ட இருக்கறதுதான் அவருக்கு வசதி. நாலு இஞ்ச் மிஷின் சுத்தற வேகத்த அஞ்சு இஞ்ச் சக்கரம் தாங்காது, வெடிக்கும். எவ்ளோ வேகம் தாங்கும்னு சக்கரத்து மேலயே அச்சடிச்சிருக்கு. படிச்சா வாங்க மனசு வராது, அதனால அவரு படிக்கல.

வாசல் கேட்டாண்ட ஒரு போர்டு கீது. 'விபத்து இல்லாத நாட்கள்'னு பெயிண்ட்ல எழுதி, கீழ மூணு கொக்கி. தகட்டுல நம்பர் வெட்டி அதுல மாட்டுவாங்க. எங்க சூப்பர்வைசர் ஆதிநாராயணன் தெனம் காலைல நாஷ்டா முடிச்சுட்டு வந்து, புது நம்பரக் கண்ணுல ஒத்திக்கினு மாட்டுவாரு. நானூத்தி ரெண்டாவது நாளு பிரஸ் மிஷின்ல தாவீதுக்கு நடு வெரலு பாதி போச்சு. மறுநாள் நானூத்தி மூணு மாட்டுனாரு. தாவீது பைக்ல இருந்து வுழுந்துட்டான்னு எழுதிக்கினாங்க. தாவீதுகிட்ட பைக்கே கெடயாது.

ஆதிண்ணாவுக்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு. எங்க ஷெட்ல யாரு கண்ணுல இரும்புத்தூள் வுழுந்தாலும் அவருதான் டாக்டரு. பத்து ரூபா நோட்ட கூரா மடிச்சு, இமைய மேல தூக்கி, அந்த முனையால எடுப்பாரு. வரலன்னா பழைய ஸ்பீக்கர்ல கழட்டுன காந்தம். நானே மூணு தடவ அவருகிட்ட ஒக்காந்திருக்கேன். தூள் வந்துடுச்சுன்னா சுத்தி நிக்கறவங்க கை தட்டுவாங்க. அப்பிடி ஒரு கூமுட்டக் கூட்டம் நாங்க.

தை மாசம் ஒரு வியாழக்கிழமை தேர்வாய் கண்டிகைலேர்ந்து, அனுப்புனதப் போட்டுக்கினுதான் வேலை நடக்குதான்னு பாக்க, ஆடிட்டுக்கு வரேன்னு சொன்னாங்க. பாஸாவலன்னா ஆர்டர் போச்சு. மொதலாளிக்குத் தூக்கம் போச்சு. ஷெட்டுக்கு வெள்ளை அடிச்சாங்க. தாவீதுக்கு ஒரு கையுறை குடுத்து, இல்லாத வெரலுக்குள்ள வேஸ்ட் துணிய அடைச்சாங்க, பாக்கறதுக்கு முழுசா இருக்கணும்னு. ஆடிட்டுக்கு வர்ற மேடம் முன்னாடி தகடு அறுத்துக் காட்டற ஆளு நானு.

புதன்கிழமை காலைல ஒத்திகை. மொதலாளி சாமிகிட்ட கற்பூரம் காட்டி உத்தரவு வாங்கிக்கினு, கண்ணாடியயும் மூடியயும் எறக்குனாரு. எங்கேயோ கெடந்த நாலு இஞ்ச் சக்கரம் ஒண்ணத் தேடி எடுத்தாங்க. ப்ளக்கப் புடுங்கிட்டு சக்கரத்த மாத்தினேன், மூடிய எம்பக்கமா திருப்பி முடுக்கினேன், கண்ணாடி மாட்டினேன், தகட்ட கிளாம்ப் போட்டுப் புடிச்சேன், ரெண்டு கையாலயும் மிஷினப் புடிச்சு அறுத்தேன். பத்து வருஷத்துல மொத தடவையா பொறி எம்மேல வராம அந்தாண்ட போச்சு. கண்ண சுருக்காம கோட்டப் பாத்து அறுக்கறது இன்னா சொகம் தெரியுமா! எனக்கு அழுகையே வந்துடுச்சு.

"இது இப்பிடியே இருக்கட்டும் மொதலாளி" ன்னேன்.

"நாளைக்கு பளபளன்னு இருக்கணும் ஜோதிம்மா, கீறல் வுழுந்துடும்" ன்னு கழட்டி, சந்தனம் அழியாம தொடச்சு, திரும்ப சாமிகிட்ட வெச்சுட்டாரு. மிஷின்ல பழையபடி அஞ்சு இஞ்ச் ஏறிச்சு. பத்து பாக்ஸு அவசரமா போவணும்னாரு.

சாயந்தரம் நாலு மணி இருக்கும். ஆறாவது பாக்ஸோட கதவு. சக்கரம் தகட்டுல கவ்விச்சு, படார்னு ஒரு சத்தம். ஒடஞ்ச துண்டு மேல கூரைல போய் அடிச்சுது. வலது கண்ணுல நெருப்ப வெச்ச மாதிரி இருந்துச்சு. சுவிட்ச ஆஃப் பண்ணி, சுத்தறது நிக்கற வரைக்கும் புடிச்சிருந்து, ப்ளக்கப் புடுங்கிட்டு அப்பறந்தான் கத்தினேன். பழக்கம் அப்பிடி.

ஆதிண்ணா நோட்ட மடிச்சுக்கினு ஓடியாந்தாரு. ஒக்காந்தேன். ரெண்டு தடவ தடவிப் பாத்தாரு, வரல. காந்தத்த வெச்சாரு. உள்ள ஏதோ இழுத்துச்சு பாருங்க, உயிரே போற மாதிரி. அவரு கையத் தட்டி விட்டேன்.

"ஆதிண்ணா, இது ஒட்டிக்கினு இல்ல, குத்திக்கினு கீது. ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

மொதலாளி வந்தாரு. என் கண்ணப் பாக்கல, கேட்டாண்ட போர்டப் பாத்தாரு. அறுநூத்திப் பதினொண்ணு.

"ஆஸ்பத்திரில எங்க நடந்துச்சுன்னு எழுதுவாங்க ஜோதிம்மா. நாளைக்கு ஆடிட்டு. இன்னொரு தடவ காந்தம் வெச்சுப் பாக்கலாம். இல்லன்னா ஊட்ல துணி காயப்போட்டப்ப தூசி வுழுந்துச்சுன்னு சொல்லு."

இப்பிடியே பேசிப் பேசி அரை மணி நேரம் போச்சு. நான் கண்ணப் பொத்திக்கினு ஒக்காந்திருக்கேன், தண்ணி கொட்டுது. கடைசில பேக்கிங்ல வேலை செய்யற நர்மதா வந்து, "உனக்கு போர்டு முக்கியமா கண்ணு முக்கியமாடி?" ன்னு கையப் புடிச்சு இழுத்தா. ஷேர் ஆட்டோல திருவள்ளூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

மரத்துப் போற மருந்து ஊத்தி ஊசி முனையால எடுத்தாங்க டாக்டரம்மா. கருவிழில குத்தியிருந்துச்சாம். அங்க இங்க நோண்டுனதுல சுத்தி வேற கீறியிருந்துச்சாம். "ரெண்டு நாள் விட்டிருந்தா துரு எறங்கி பார்வையே போயிருக்கும். இப்பவும் தழும்பு எங்க நிக்கும்னு பத்து நாள் கழிச்சுதான் சொல்ல முடியும்" ன்னாங்க. நடுவுல நின்னா வலது கண்ணு மங்கிடும். கண்ணு போனா நான் இன்னா வேலை செய்வேன்?

கட்டுப் போட்டுக்கினே கேட்டாங்க. "கம்பெனில கண்ணாடி குடுக்கலையாம்மா?"

"குடுத்தாங்க டாக்டரம்மா. அத சாமி போட்டுக்கினு கீது."

அவங்களுக்கு ஒண்ணும் புரியல. நர்மதா சிரிச்சுட்டா. எனக்கும் சிரிப்பு வந்து, சிரிச்சதுல கண்ணு வலிச்சு, அப்பறம் அழுதேன்.

ஆறு மணிக்கு மொதலாளி போன் பண்ணாரு. கண்ணு எப்பிடி கீதுன்னு கேக்கப் போறாருன்னு நெனச்சேன், நானும் ஒரு லூசு. "நாளைக்கு வந்துடு ஜோதிம்மா, உன்ன வுட்டா ஆள் இல்ல. கட்டுமேல கண்ணாடிய மாட்டிக்கோ. கண்ணாடி கருப்புதான், வெளிய தெரியாது" ன்னாரு. மூணு மாசமா குடுக்காத கண்ணாடிய கண்ணுல அடிபட்டப்பறம் குடுக்கறாரு, அதுவும் அடிபட்டத மறைக்க. வாய்ல வந்தது எல்லாம் திட்டினேன், மனசுக்குள்ள. வெளிய "வரேன் மொதலாளி" ன்னேன்.

வந்தவங்க பேரு கவிப்பிரியா. முப்பது வயசு இருக்கும், ஹெல்மெட்டு, ஷூ. போர்டாண்ட நின்னு "அறுநூத்திப் பன்னெண்டு நாளா! பரவாயில்லையே" ன்னாங்க. மொதலாளிக்கு வாயெல்லாம் பல்லு. நான் கட்டுமேல கருப்புக் கண்ணாடிய மாட்டிக்கினு, ஒரு கண்ணாலயே சக்கரத்தப் போட்டு, மூடிய முடுக்கி ரெடியா நின்னேன். மேடம் குனிஞ்சு மூடியப் பாத்தாங்க.

"இதுல சந்தனம் எப்ப வெச்சது சார்?"

"ஆயுத பூஜைக்கு மேடம்."

"அதுலேர்ந்து இதப் போட்டுதான் அறுக்கறீங்களா?"

"தெனமும் மேடம்!"

"மூணு மாசமா தெனமும் பொறி பட்டும் சந்தனம் அழியவே இல்லையா?"

மொதலாளி கொஞ்சமும் அசரல. "எங்க சாமி பவர் மேடம்" ன்னாரு.

மேடம் எம்பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கம்மா" ன்னாங்க.

சொன்னா வேலை போவும். சொல்லலன்னா நாளைக்கு மறுபடியும் அஞ்சு இஞ்ச், இன்னொரு கண்ணும் போவும். இருக்கறதே இன்னும் ஒண்ணுதான். கண்ணாடியக் கழட்டிக் கட்டக் காட்டினேன்.

"நேத்து நாலு மணிக்கு மேடம்."

"ஐயோ, அது ஊட்ல மேடம்! துணி காயப்போட்டப்ப தூசி…" ன்னு மொதலாளி குறுக்க பூந்தாரு.

"எங்க ஊட்டுக் கொடில ரெண்டு எம்எம் தகடு காயப்போடற பழக்கம் இல்ல மேடம்."

விறுவிறுன்னு கேட்டாண்ட போனேன். ஆறு, ஒண்ணு, ரெண்டுன்னு இருந்த மூணு தகட்டயும் கழட்டிக் கீழ போட்டுட்டு மூணு பூஜ்யத்த மாட்டினேன். அப்ப தாவீது மெதுவா நடந்து வந்தான்.

"அக்கா, எங்கணக்கும் ஒண்ணு கீது" ன்னு கையுறையக் கழட்டி மேடம் முன்னாடி மேசைமேல வெச்சான். அடைச்ச வெரலு மட்டும் வெறச்சுக்கினு நின்னுச்சு. மேடம் அந்த வெரலத் தொட்டுப் பாத்துட்டு, பேனாவ எடுத்து எழுத ஆரம்பிச்சாங்க.

ஆர்டர அவங்க எடுத்துடல, பத்து நாளைக்கு நிறுத்தி வெச்சாங்க. எல்லா மிஷினுக்கும் மூடி, எல்லாருக்கும் கண்ணாடி. அஞ்சு இஞ்ச் சக்கரம் அத்தனையும் அவங்க கண்ணு முன்னாடி சுத்தியால ஒடைக்கணும். எங்க ரெண்டு பேருக்கும் நடந்தது வேலைல நடந்ததுன்னு எழுதித் தரணும். அப்பறம் இன்னொண்ணு. தெனமும் போர்டுல நம்பர் ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு நோட்டுல ஜோதிலட்சுமி கையெழுத்து இருக்கணும். அந்த நோட்ட அவங்க எப்ப வேணா வந்து பாப்பாங்க. என்ன வேலைய வுட்டு அனுப்பவும் முடியாது. மொதலாளிக்கு ஒரே பேஜாரு.

பத்து நாள் கழிச்சு டாக்டரம்மா பாத்துட்டு தழும்பு ஓரமா நின்னுடுச்சுன்னாங்க. பார்வை தப்பிச்சுது. வெளக்கப் பாத்தா மட்டும் சுத்தி மயிரு மயிரா வெளிச்சம் பரவுது, அது இனிமே போவாதாம். ஒரு மூடி, ஒரு கண்ணாடி. பலகைலேர்ந்து எறக்கி வெச்சிருந்தா முடிஞ்சிருக்கும்.

சாமி பலகைல அந்த எடம் காலியாத்தான் கெடக்கும்னு நெனச்சேன். இல்ல. மொதலாளி அந்தப் பழைய நம்பர, ஆறு, ஒண்ணு, ரெண்டு, புதுசா வெட்ட வெச்சு, வரிசையா சரஸ்வதி பக்கத்துல வெச்சு மாலை போட்டுட்டாரு. வெட்டுன தகடு, ஓரம் அரம் போட்டுத் தேய்க்கவே இல்ல. "சாமிகிட்ட சும்மா நிக்கறதுதானே, எதுக்கு ராவணும்?" ன்னாராம்.

போர்டுல பதினாலு ஓடிக்கினு இருந்த நாளு. ஆதிண்ணா காலைல நோட்டும் பேனாவும் எடுத்துக்கினு வந்தாரு. "ஜோதி, நேத்திலேர்ந்து யாருக்காவது ஏதாவது?" நான் வழக்கம் போல ஷெட்ட ஒரு சுத்து பாத்தேன், கண்ணு, கை, வெரலு. எல்லாம் சரியா இருந்துச்சு. மொதலாளி மட்டும் வலது கைய பேண்ட் பாக்கெட்ல வுட்டுக்கினு கற்பூரத் தட்டாண்ட நின்னாரு. பாக்கெட்டு ஓரமா ஈரம் செவப்பா தெரிஞ்சுது. பலகைல ஆறு சாஞ்சு கெடந்துச்சு, அத நிமுத்தப் போயிருக்காரு.

"கையக் காட்டுங்க மொதலாளி."

"இது ஊட்ல ஆச்சு ஜோதிம்மா. காலைல தக்காளி அறுக்கறப்ப."

ஆதிண்ணா அவரப் பாத்தாரு, பலகைல ஆறுமேல இருந்த ரத்தத்தப் பாத்தாரு, என்னப் பாத்தாரு.

"பூஜ்யம் மாட்டுங்க ஆதிண்ணா" ன்னேன்.

"இத்துனூண்டு கீறலுக்கா?" ன்னு மொதலாளி கத்துனாரு.

"போய் ஊசி போட்டுக்கோங்க மொதலாளி. எங்க நடந்துச்சுன்னு கேட்டா கம்பெனிலன்னு சொல்லுங்க. வெக்கமா இருந்தா ஆதிண்ணாகிட்ட பத்து ரூபா நோட்டு கீது."

ஆதிண்ணா போர்டாண்ட போயி பதினாலக் கழட்டுனாரு. இந்தத் தடவ கண்ணுல ஒத்திக்கல. நான் கண்ணாடிய மாட்டிக்கினு ப்ளக்க சொருவினேன். கண்ணாடில சந்தனப் பொட்டு இருந்த எடத்துல இப்ப பொறி பட்டு நாலஞ்சு கீறல் கீது.